எவரெஸ்ட்டோ அன்னபூர்ணாவோ: வன்னியில இருந்து முதல்தரம் பேஸ் காம்ப் போறவைக்கு எது சரி

போன மாசம் காலபோக வெட்டு முடிஞ்ச கையோட மருமகனும் அவனோட படிச்ச பெடியள் மூண்டு பேரும் வீட்டை வந்தவங்கள். முத்தத்தில கதிரையைப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, "மாமா, அடுத்த வருசம் பங்குனிக் கடைசியில நேபாளம் போறம், காசு சேத்திட்டம், எவரெஸ்ட் பேஸ் காம்ப் போறதோ அன்னபூர்ணா பேஸ் காம்ப் போறதோ எண்டுதான் இழுபறி, நீங்கள் ரெண்டுக்கும் போனனீங்கள் தானே, சொல்லுங்கோ" எண்டு கேட்டாங்கள். எத்தினை நாள் லீவு எண்டு கேட்டன். 12 நாள் எண்டாங்கள். அப்ப எவரெஸ்ட் வேண்டாம் எண்டு சொன்னன், நாலு பேரில மூண்டு பேரின்ர முகம் சுருங்கிப் போச்சு. அண்டைக்கு இரவு கனநேரம் விளக்கம் சொல்லியும் எனக்குத் திருப்தி வரேல்லை, அதாலதான் ஆறுதலா இருந்து இதை எழுதுறன், முல்லைத்தீவு வவுனியாப் பக்கம் இருந்து இப்பிடி யோசிக்கிற வேற ஆக்களுக்கும் உதவும். பேஸ் காம்ப் எண்டா மலை உச்சி இல்லை, அடிவாரம்.

முதல்ல நாங்கள் எங்க இருந்து போறம் எண்டதைப் பாக்கோணும். எங்கட பக்கம் உயரம் எண்டா குளக்கட்டுத்தான். இரணைமடுக் கட்டில ஏறி நிண்டா ஒரு பக்கம் தண்ணி மறுபக்கம் வயல், அதுக்கு மேல ஏற ஒண்டுமில்லை. இலங்கையில ஆக உயர்ந்த மலை பீதுருதலாகல, அது 2,524 மீட்டர், சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். எவரெஸ்ட் பாதையில ரெண்டாம் நாள் இரவு நீங்கள் படுக்கிற நாம்சே எண்ட ஊர் 3,440 மீட்டரில இருக்கு. அதாவது எங்கட முழு நாட்டின்ர உச்சியை விட 900 மீட்டர் மேல போய்த்தான் ரெண்டாவது இரவுச் சாப்பாடே சாப்பிடப் போறியள், அதுக்குப் பிறகு இன்னும் 1,900 மீட்டர் ஏறக் கிடக்கு. அன்னபூர்ணாவில ஆக மேல போறது 4,130 மீட்டர், எவரெஸ்ட் பேஸ் காம்ப் 5,364. இந்த 1,200 மீட்டர் வித்தியாசத்தை இங்க கிளிநொச்சியில இருந்து பாத்தா சின்னன் மாதிரித் தெரியும். அங்க அது பெரிய வித்தியாசம். காத்தில ஒக்சிஜன்ர பங்கு எங்கயும் 21 வீதம்தான், ஆனா மேல போகப் போக காத்தமுக்கம் குறையுது, 4,100 மீட்டரில மூச்சுக்கு வாற ஒக்சிஜன் கடற்கரையில வாறதில கிட்டத்தட்ட 60 வீதம், எவரெஸ்ட் பேஸ் காம்பில பாதி.

உடம்பு இதுக்குப் பழகும், ஆனா அதுக்கு நாள் வேணும். 3,000 மீட்டருக்கு மேல போனாப் பிறகு படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டர் அளவுக்கு மேல கூட்டக்கூடாது, மூண்டு நாலு நாளுக்கு ஒருக்கா ஒரே ஊரில ரெண்டு இரவு நிக்கோணும், டொக்டர்மார் சொல்லுற கணக்கு இதுதான். இதில பலசாலி நோஞ்சான் பேதம் கிடையாது. வயலில மூட்டை தூக்கிறவன், கிளப்புக்குப் பந்தடிக்கிறவன் எல்லாருக்கும் இதே கணக்குத்தான், சொல்லப்போனா நல்ல ஸ்டமினா இருக்கிற பெடியள்தான் கெதியா ஏறி அதாலேயே உயர வருத்தத்தில (உடம்பு பழக முந்தி ஏறினா வாற தலையிடி, சத்தி, தள்ளாட்டம்) விழுகிறது கூட.

இப்ப இந்தக் கணக்கை வைச்சு எவரெஸ்டுக்கு நாளை எண்ணிப் பாருங்கோ. லுக்லாவில இறங்கி பாக்டிங்கில ஒரு இரவு, பிறகு நாம்சேயில ரெண்டு இரவு, தெங்போச்சே 3,867, டிங்போச்சே 4,410 அங்க ரெண்டு இரவு, லொபூச்சே 4,940, கோரக் ஷெப் 5,164, அங்க சாமானைப் போட்டிட்டு பின்னேரம் பேஸ் காம்ப் போய்த் திரும்பி வாறது, அடுத்த நாள் விடிய காலா பத்தர் எண்ட குன்று ஏறி இறங்கி அப்பிடியே கீழ, மூண்டு நாளில திரும்ப லுக்லா. மொத்தம் 12 நாள் நடையும் பறப்பும். காத்மாண்டுவில முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு ஒண்டு, லுக்லாவில முகில் மூடினா எண்டு ரெண்டு, கட்டுநாயக்காவுக்குப் போக வர ரெண்டு, 18 19 நாளில்லாமல் இதைச் செய்யக்கூடாது. லுக்லா 2,860 மீட்டரில மலைச்சரிவில வெட்டின சின்ன ஓடுபாதை, 527 மீட்டர்தான் நீளம், கண்ணாலை பாத்துத்தான் இறக்குவினம், முகில் வந்தா அண்டைக்குப் பறப்பே இல்லை. சீசன் நேரம் காத்மாண்டுவில நெரிசல் எண்டு கனக்கப் பிளைட் ராமேச்சாப்பில இருந்துதான் போகுது, அதுக்கு நடுச்சாமத்தில வானில ஏத்தி நாலஞ்சு மணித்தியாலம் வளைஞ்சு வளைஞ்சு கொண்டுபோவாங்கள், நித்திரையும் இல்லை வயித்தைப் பிரட்டுறதும் மிச்சம்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். நானும் ஒரு சிநேகிதனும் எவரெஸ்டுக்குப் போகேக்க ஏஜென்சிக்காரர் தந்த பிளானில நாம்சேயில மட்டும்தான் ஓய்வு நாள், டிங்போச்சேயில இல்லை. ஒரு நாள் மிச்சம் எண்டு எங்களுக்கும் சந்தோசம், நாங்கள் கேள்வி கேக்கேல்லை. லொபூச்சேக்குப் போன அண்டு பின்னேரமே அவனுக்கு மண்டை பிளக்கிற தலையிடி, சாப்பாட்டு மணமே ஒத்துக்கொள்ளேல்லை, ரெண்டுதரம் சத்தி, பிறகு கழிப்பறைக்கு எழும்பிப் போனவன் வெறியில நிக்கிற ஆள் மாதிரித் தள்ளாடினான். வழிகாட்டி ஒரு கோட்டைக் காட்டி குதியும் விரலும் முட்ட நேரா நடக்கச் சொன்னார், அவனால ஏலேல்லை. உடன இறக்கோணும் எண்டிட்டார், விடியட்டும் எண்டு நான் கெஞ்சினதையும் கேக்கேல்லை. ரோச் வெளிச்சத்தில உதவியாளரும் போர்ட்டரும் அவனைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கொண்டு பெரிச்சேக்கு இறங்கினவை. அங்க 1973இல தொடங்கின ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேசன்ர கிளினிக் ஒண்டு சீசன் நேரம் திறந்திருக்கும், ஒக்சிஜன் குடுத்து மருந்தும் குடுத்து ரெண்டாம் நாள் ஆள் எழும்பி இருந்து பருப்பும் சோறும் சாப்பிட்டவன். நான் அந்த இரவு அவனோட இறங்கேல்லை. வழிகாட்டியோட மேல போய் பேஸ் காம்பைப் பாத்திட்டுத்தான் வந்தனான். அவன் இண்டைவரைக்கும் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, எனக்குத்தான் அந்தப் போட்டோவைப் பாக்கேக்கயெல்லாம் மனம் குத்தும். டிங்போச்சேயில ஒரு இரவு கூட நிண்டிருந்தா ரெண்டு பேரும் சேந்து நிண்டு எடுத்திருக்கலாம். திரும்பி வரேக்க லுக்லாவில ரெண்டு நாள் முகில், கொழும்புக்கு வாற ரிக்கெற்றும் போச்சு, புதுசா எடுத்தது.

அதாலதான் 12 நாள் எண்டு கேட்ட உடன வேண்டாம் எண்டனான். ஆசை இருக்கிறது பிழையில்லை, அதுக்கு நாள் சேருங்கோ.

அன்னபூர்ணா பக்கம் வருவம். காத்மாண்டுவில இருந்து பொக்கரா 200 கிலோமீட்டர், பஸ்ஸில ஒரு பகல் போயிடும், பிளைட் எண்டா அரை மணித்தியாலம், பிளைட் ஓடாட்டியும் பஸ் இருக்கு எண்டது பெரிய ஆறுதல். பொக்கராவில இருந்து ஜீப்பில ஜினு மட்டும் போய் சொம்ரோங் 2,170, பிறகு பாம்பூ, தோவான் 2,600, தேவுராலி 3,200, மச்சபுச்சரே பேஸ் காம்ப் 3,700, பிறகு அன்னபூர்ணா பேஸ் காம்ப். நடை மட்டும் ஏழு நாளில வடிவா முடிக்கலாம். ஒராளுக்கு வருத்தம் வந்தா ஒரு பின்னேரத்தில ஆயிரம் மீட்டர் கீழ இறங்கிடலாம், எனக்கு இதுதான் ஆக முக்கியமாப் படுகுது. எவரெஸ்ட் பக்கம் கோரக் ஷெப்பில இருந்து பெரிச்சேக்கு ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் நீங்கள் இன்னும் 4,240 மீட்டரில, அதாவது அன்னபூர்ணா பேஸ் காம்பை விட மேலதான் நிப்பியள்.

அதுக்காக அன்னபூர்ணா லேசு எண்டு நினைச்சிடாதேங்கோ. கனபேர் தேவுராலியில இருந்து ஒரே நாளில 4,130க்கு ஏறி அங்கயே படுக்கினம், அது 930 மீட்டர், அந்த இரவு தலையிடியோட விடிய விடிய இருந்தவையைக் கண்டனான். மச்சபுச்சரே பேஸ் காம்பில படுத்து விடிய நாலு மணிக்கு ரோச்சோட ஏறி சூரியன் படுறதைப் பாத்திட்டு இறங்கிறதுதான் சரி. அடுத்தது பனிச்சரிவு. தேவுராலிக்கு மேல மோடி ஆத்துப் பள்ளத்தாக்கு ஒடுங்கிப் போகும், ஹியுன்சுலி மலையில விழுற பனி மேல இருந்து வாறது பாதையில நிக்கிற எங்களுக்குத் தெரியாது. 2020 தை 17இல தேவுராலிக்குக் கிட்டத்தான் நாலு கொரியக்காரரும் அவையளோட போன நேபாளிகளும் அள்ளுண்டு போனவை. பனி கொட்டின அடுத்த ரெண்டு நாளும் அந்தப் பக்கம் போகக்கூடாது, போறதெண்டாலும் வெயில் ஏற முந்திக் கடக்கோணும், வழிகாட்டி நில் எண்டா நிக்கோணும்.

மூண்டாவது பிரச்சினை கல்லுப்படி. எங்களோட அன்னபூர்ணாவுக்கு வந்த அண்ணை ஒருத்தருக்கு இடது முழங்காலுக்குக் கீழ ஜெய்ப்பூர் கால், செயற்கைக் கால். ஏறுறதில அவர் எங்களை விடத் திறம், மூச்சை அளந்து மெல்ல மெல்லப் போவார். சொம்ரோங்கில இருந்து ஆத்துக்கு இறங்கிற கல்லுப்படியிலதான் அவருக்குக் கஷ்டம் வந்தது, ஒவ்வொரு படிக்கும் முழுப் பாரமும் தண்டில (வெட்டின காலின்ர மிச்சத்தில) இறங்கி உரசி, சினுவாவில கழட்டிப் பாத்தா சிவந்து போய் ஒரு இடத்தில தோல் உரிஞ்சிருந்தது. குளிருக்குத் தண்டு சுருங்கி சொக்கெற் லூசாகும், மேலதிகமா ரெண்டு மூண்டு கம்பளிச் சொக்ஸ் கொண்டுபோனதாலதான் சமாளிச்சவர். ஒரு நாள் முழுக்க நிண்டு ஆத்தித்தான் மேல போனது, எங்களிட்ட அந்த ஒரு நாள் இருந்தது. எவரெஸ்ட் பாதையில நாம்சே ஏத்தம் கடுமையெண்டாலும் மிச்சம் கனதூரம் சரிவுப் பாதை, படி குறைவு, அதால காலால ஏலாத ஆக்களுக்கு, நாளும் காசும் இருந்தா, எவரெஸ்ட் பக்கம்தான் உண்மையில வசதி எண்டு நான் நினைக்கிறன். ஹரி புதா மகர் எண்ட நேபாளி, ரெண்டு காலும் முழங்காலுக்கு மேல இல்லாதவர், 2023 மே 19இல எவரெஸ்ட் உச்சியிலேயே ஏறினவர், அண்ணை அவற்ற படத்தை ஃபோனில வைச்சிருக்கிறார்.

காசு. எங்கட பாஸ்போட்டுக்கு ஒரு நல்ல விசயம், சார்க் நாட்டுக்காரருக்கு நேபாளம் வருசத்தில முதல்தரம் 30 நாள் விசா இலவசமாக் குடுக்குது. அன்னபூர்ணா அனுமதி மற்ற வெளிநாட்டுக்காரருக்கு 3,000 நேபாள ரூபா, எங்களுக்கு 1,000. எவரெஸ்ட் பக்கம் இருக்கிற சாகர்மாதா பூங்காவுக்கு அவைக்கு 3,000, எங்களுக்கு 1,500, அதோட அந்தப் பிரதேச சபைக்கும் வேற கட்டோணும். ஆனா லுக்லா பிளைட்டுக்குச் சலுகை கிடையாது, டொலரிலதான் அறவிடுவினம், எங்களுக்கு ஒரு வழிக்கே 200 டொலருக்குக் கிட்ட வந்தது. லுக்லாவுக்கு மேல றோட் இல்லை, ஒவ்வொரு அரிசிப் பையும் மாட்டிலயும் ஆக்களின்ர முதுகிலயும் போறது, அதால மேல போகப் போக ஒரு கோப்பை தேத்தண்ணியும் விலை ஏறிக்கொண்டே போகும். எல்லாம் கூட்டிப் பாத்தா எவரெஸ்டுக்கு எங்களுக்கு முடிஞ்ச காசில அன்னபூர்ணா ரெண்டுதரம் போய் வந்திருக்கலாம். 2023 சித்திரையில இருந்து வழிகாட்டி இல்லாமல் ட்ரெக்கிங் போகக்கூடாது எண்டு சட்டம் கொண்டுவந்தவை, எவரெஸ்ட் பக்கம் அதை இறுக்கமாப் பாக்கிறேல்லை எண்டு கதை. சட்டம் இல்லாட்டியும் வழிகாட்டியை எடுங்கோ எண்டுதான் சொல்லுவன், என்ர சிநேகிதன்ர உயிர் அந்த மனிசன்ர பிடிவாதத்தில தப்பினது.

சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ, பருப்பு சோறு கீரை ஊறுகாய், கேட்டா திரும்பவும் போடுவினம், எங்கட வயித்துக்குச் சோக்கு. மேல இறைச்சி வேண்டாம், நாள்கணக்கில சுமந்து கொண்டு வாறது. அன்னபூர்ணா பக்கம் சினுவாவுக்கு மேல இறைச்சி கொண்டுபோறதே ஊர்க்காரருக்கு விருப்பமில்லை, அந்த இடம் அவைக்குக் கோயில் மாதிரி.

பாக்கிற வடிவில எது கூட எண்டு எல்லாரும் கேப்பினம். எவரெஸ்ட் பேஸ் காம்பில நிண்டா எவரெஸ்ட் உச்சி தெரியாது, இது கனபேருக்குத் தெரியாது. உச்சியைப் பாக்கிறதெண்டா 5,500 மீட்டருக்கு மேல காலா பத்தருக்கு ஏறோணும். பேஸ் காம்ப் எண்டது கல்லும் பனிக்கட்டியும், சித்திரை வைகாசியில மஞ்சள் கூடாரமும். ஆனா அந்தப் பாதை, நாம்சேச் சந்தை, தெங்போச்சே மடத்தில பின்னேரப் பூசைச் சத்தம், ஷெர்பாக்களின்ர வாழ்க்கை, அதெல்லாம் வேற எங்கயும் கிடையாது. அன்னபூர்ணா பேஸ் காம்ப் எண்டா சட்டிக்குள்ள நிக்கிற மாதிரி, சுத்திவர மலை, 8,091 மீட்டர் அன்னபூர்ணா முன்னுக்கு, 6,993 மீட்டர் மச்சபுச்சரே பின்னுக்கு. மச்சபுச்சரே சிவனுக்குரிய மலை எண்டு ஏற விடுறதில்லை, 1957இல வந்த வெள்ளைக்காரரும் உச்சிக்கு ஐம்பது மீட்டர் அளவில நிண்டு திரும்பினவை. அந்த விடியலில நான் நிண்டு தேவாரம் பாடினனான், கண்ணில தண்ணி வந்தது. இடமாப் பாத்தா எனக்கு அன்னபூர்ணா, பாதையாப் பாத்தா எவரெஸ்ட்.

காலத்துக்கு வந்தா, பங்குனி தொடக்கம் வைகாசி நடு வரை ஒரு சீசன், புரட்டாதிக் கடைசியில இருந்து கார்த்திகை வரை மற்றது. வானம் துப்பரவா இருக்கிறது ரெண்டாவதிலதான், ஆனா எங்களுக்கு அது காலபோக விதைப்பும் மாரி மழையும், வயல் இருக்கிற வீட்டில அப்ப ஆளை விடமாட்டினம். வெட்டு முடிஞ்சு சிறுபோகம் தொடங்க முந்தி இருக்கிற அந்த இடைவெளி எங்கட ஆக்களுக்கெண்டே அளந்து வைச்ச மாதிரி, மலைப்பக்கம் லாலிகுராஸ் பூ சிவப்பாப் பூத்துக் கிடக்கும், வருசப்பிறப்புக்கு வீட்டையும் வந்திடலாம்.

இந்த ரெண்டையும் விட்டா மார்டி ஹிமால் இருக்கு, அஞ்சாறு நாள், 4,500 மீட்டர் மட்டும் போகலாம், ஆனா முகட்டுப் பாதை, கெதியா ஏறும், முதல்தரம் போறவைக்கு நான் சொல்லமாட்டன். லாங்டாங் நல்லது, 2015 பூமி அதிர்ச்சியில ஊரே பனிச்சரிவில புதைஞ்சு திரும்பக் கட்டின சனம், போற காசு நேரா அவையளிட்டச் சேரும், பேஸ் காம்ப் எண்ட பேர் வேண்டாம் எண்டவை அங்க போங்கோ. முக்திநாத்துக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில போறவைக்கும் ஒண்டு சொல்லோணும், அது 3,700 மீட்டருக்கு மேல, நடந்தா மட்டும்தான் வருத்தம் வரும் எண்டில்லை, ஜொம்சொமில ஒரு இரவு நிண்டு போங்கோ.

உடம்பைப்பற்றி எங்கட ஆக்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒண்டு இருக்கு. எங்கட பக்கம் கனபேரின்ர உடம்பில செல் துண்டு இன்னும் கிடக்கு, நெஞ்சில காயம் பட்டு நுரையீரல் தைச்சவையும் இருக்கினம். சாதாரணமா ஓடியாடித் திரியேக்க ஒண்டும் தெரியாது. போக முந்தி பழைய எக்ஸ்ரேயையும் கொண்டு டொக்டரிட்டப் போய் இத்தினை மீட்டர் போகப்போறன் எண்டு சொல்லிக் கேளுங்கோ, பிறஷர் சுகர் முட்டு இருக்கிறவையும் அப்பிடித்தான். உயர வருத்தம் வராமல் இருக்க டயமொக்ஸ் எண்ட குளிசை 125 மில்லிகிராம் காலமை ஒண்டு இரவு ஒண்டு எண்டு ஏறுறதுக்கு முந்தின நாளில இருந்து குடுக்கிறவை, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவைக்கு அது பிரச்சினை குடுக்கலாம், அதால கடையில சும்மா வாங்கிப் போடாதேங்கோ. இன்சூரன்ஸ் பேப்பரில எத்தினை மீட்டர் வரைக்கும், ஹெலி உண்டோ எண்டு ரெண்டையும் கண்ணால பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ.

நான் முதல்தரம் போகேக்க அம்மாட்ட "பேஸ் காம்ப் போறன்" எண்டனான். காம்ப் எண்ட சொல்லைக் கேட்ட உடன அவ கையில இருந்த சுளகைக் கீழ வைச்சிட்டா. 2009இல சண்டை முடிஞ்ச கையோட செட்டிக்குளம் முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள நாங்கள் இருந்த மாதங்கள் அவவுக்கு அந்தச் சொல்லுக்குள்ளதான் இருக்கு. மலையடிவாரம் அம்மா, விரும்பின நேரம் போய் விரும்பின நேரம் வரலாம் எண்டு விளங்கப்படுத்தின பிறகுதான் விபூதி பூசி அனுப்பினவ. வீட்டில வயசான ஆக்கள் இருந்தா நீங்களும் அடிவாரம் எண்டே சொல்லுங்கோ.

பயிற்சிக்கு நாலு மாசம் எடுங்கோ. குளக்கட்டில ஏழெட்டுக் கிலோ பையோட விடிய நடை, கிழமையில ஒருக்கா கட்டுச் சரிவில ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு மணித்தியாலம். வவுனியாப் பெடியளுக்கு மிகிந்தலைப் படி கிட்ட. மார்கழி தொடக்கம் வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், அற்றன் பக்கத்தால 5,000க்கு மேற்பட்ட படி, அதை ஏறி இறங்கி அடுத்த நாள் முழங்கால் என்ன சொல்லுது எண்டு பாத்தா அன்னபூர்ணா உங்களுக்குச் சரிவருமோ எண்டு விளங்கும். இதெல்லாம் காலுக்கும் நெஞ்சுக்கும்தான், உயரத்துக்கு இங்க பயிற்சி இல்லை, அது அங்க நாள் குடுத்தாத்தான் வரும். சப்பாத்தை மட்டும் இங்கயே வாங்கி நூறு கிலோமீட்டர் நடந்து பழக்கிப்போட்டுக் கொண்டுபோங்கோ, குளிர் ஜக்கெட்டும் படுக்கைப் பையும் காத்மாண்டு தமேலில வாடகைக்கே எடுக்கலாம்.

மருமகனாக்களுக்கு நான் எழுதிக் குடுத்த 12 நாள் இதுதான்: முதல் நாள் காத்மாண்டு, ரெண்டாம் நாள் பொக்கரா, மூண்டு சொம்ரோங், நாலு தோவான், அஞ்சு தேவுராலி, ஆறு மச்சபுச்சரே பேஸ் காம்ப், ஏழாம் நாள் விடிய அன்னபூர்ணா பேஸ் காம்ப் பாத்திட்டு தோவானுக்கு இறக்கம், எட்டு சொம்ரோங், ஒன்பது ஜினு வெந்நீர் ஊத்தில குளிச்சிட்டுப் பொக்கரா, பத்து கையில வைச்சிருக்கிற நாள், பதினொண்டு காத்மாண்டு, பன்ரெண்டு வீடு. பத்தாவதை முதலே சுத்திப் பாக்கவெண்டு செலவழிக்கக்கூடாது எண்டு அடிக்கோடு போட்டுக் குடுத்திருக்கிறன். எவரெஸ்டுக்கு அதுக்கடுத்த வருசம் 19 நாளோட வாங்கோ, நானும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறன், இந்தமுறை டிங்போச்சேயில ரெண்டு இரவு நிக்கிறதெண்டா என்ர சிநேகிதனும் வாறானாம்.

நாலு பேரில ஒருத்தன்ர பாஸ்போட் வைகாசியோட முடியுது, ஆறு மாசம் மிச்சம் இருக்கோணும், வவுனியா ஒபிசில இப்பவே போட்டாத்தான் ரிக்கெற் எடுக்கலாம்.